அப்ரண்டிஸ் சேர்ந்தால் என்ன பயன்? ஐடிஐ, பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு ஆவணங்களில் இதற்குத் தொழிற்பழகுநர் பயிற்சி என்று பெயர். பட்டறையிலும் வீட்டிலும் எல்லோரும் சொல்வது அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடக்கும் பயிற்சியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அப்ரண்டிஸ், டிரெய்னி, இன்டர்ன் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் நிறையப் பேருக்கு ஒரு வருஷம் வீணாகிறது. சட்டப்படியான அப்ரண்டிஸ் என்றால் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். அது மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவாகி, அதற்கென்று ஓர் எண் கிடைத்திருக்கும். பயிற்சி முடிவில் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. ‘டிரெய்னி’ என்பது நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர். ‘ஒரு வருஷம் டிரெய்னிங், அப்புறம் பார்க்கலாம்’ என்று வாய்வார்த்தையில் சேர்ந்தவருக்கு வருஷக் கடைசியில் ஓர் அனுபவக் கடிதம் கிடைக்கும். சில இடங்களில் அதுவும் கிடைக்காது.

கண்டுபிடிக்க எளிய வழி: மாதச் சீட்டில் பி.எஃப்., இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் நீங்கள் இந்தச் சட்டத்தின் கீழுள்ள அப்ரண்டிஸ் அல்ல. பிடித்தம் இல்லை, ஒப்பந்த எண்ணும் இல்லை என்றால் நீங்கள் எதிலுமே இல்லை என்று அர்த்தம். முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஐடிஐயில் இரண்டு வருஷம் படித்தாயிற்று. இன்னும் ஒரு வருஷம் எதற்கு?

ஒரே ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். ஐடிஐ பட்டறையில் 25 மி.மீ. தண்டு கடைந்து, வெர்னியரில் 25 காட்டினால் வேலை முடிந்தது. தொழிற்சாலை வரைபடத்தில் அதே தண்டுக்குப் பக்கத்தில் ‘எச்6’ என்று போட்டிருக்கும். அதாவது விட்டம் 25.000 மி.மீ.க்கு மேலே போகக்கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கக்கூடாது. மொத்த இடைவெளி 13 மைக்ரான். சாதாரண வெர்னியர் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவோ 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். அனுமதித்த இடைவெளியைவிடக் கருவியின் ஒரு பிரிவு பெரிதாக இருந்தால் எதை அளப்பது? மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்து 24.990 வந்தது, சரிதான் என்று அடுத்த தண்டுக்குப் போய்விடுகிறார் புதிதாக வந்தவர். எஃகு அறை வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால் 25 மி.மீ. விட்டத்தில் சுமார் 6 மைக்ரான் விரிந்திருக்கும். ஆறிய பிறகு அதே தண்டு 24.984. அளவு சரிபார்க்கும் கேஜில் வைத்தால், நுழையவே கூடாத நோ-கோ பக்கத்திலும் நுழைந்துவிடும். உலோகத்தைச் சீவி எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது. தண்டு ஸ்கிராப்.

இதெல்லாம் புத்தகத்தில் இல்லாத விஷயம் அல்ல. ஆனால் இருநூறு தண்டுகள் வரிசையில் நிற்க, தரக்கட்டுப்பாட்டுக்காரர் எட்டாவது தண்டைத் திருப்பி அனுப்பும்போதுதான் அது மண்டையில் ஏறுகிறது.

இன்னொன்று, டேப்பிங், அதாவது துளைக்குள் மரை வெட்டுவது. எம்10 மரை போட 8.5 மி.மீ. துளை வேண்டும். 8.5 பிட் கிடைக்கவில்லை என்று 8 மி.மீ.யில் துளைத்துவிட்டு டேப்பைத் திருகினால் பாதியில் ‘டக்’ என்று முறியும். உள்ளே மாட்டிய டேப் டிரில் பிட்டுக்கு நிகரான கடினம் உள்ளது. அதைத் துளைத்து எடுக்கப் பார்த்தால் பிட்டும் போகும். ஐடிஐயில் முறிந்தால் ஒரு துண்டுத் தகட்டோடு போகும். தொழிற்சாலையில் அது நாலு மணி நேரம் மெஷினில் ஓடி முடித்த வார்ப்பாக இருக்கலாம். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே, நடுநடுவே எண்ணெய் என்ற பழக்கம் அந்தப் பயத்தில்தான் கைக்கு வருகிறது.

ஷிப்ட் ஒப்படைப்பு, ஜாப் கார்டு எழுதுவது, மெஷின் நின்றால் யாரை எந்த வரிசையில் கூப்பிடுவது, டிரில்லிங் மெஷினில் கையுறை ஏன் போடக்கூடாது போன்றவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

இதைச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சட்டத்தில் இதன் பெயர் உதவித்தொகை. 2019-இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்சத் தொகை இப்படி:

- 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவர்: 5,000 ரூபாய்
- பத்தாம் வகுப்பு: 6,000 ரூபாய்
- பன்னிரண்டாம் வகுப்பு, ஐடிஐ: 7,000 ரூபாய்
- டிப்ளமோ: 8,000 ரூபாய்
- பட்டதாரி: 9,000 ரூபாய்

பயிற்சி இரண்டாம் ஆண்டுக்கும் நீண்டால் இந்தக் குறைந்தபட்சம் 10 சதவீதம் கூடும். 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் இந்த 5,000–9,000 வரம்பை 6,800–12,300 ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பில் உள்ள தொகை எது என்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்சம் மட்டுமே. இதற்கு மேல் கொடுக்க நிறுவனத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் பணம் வந்துவிட வேண்டும் என்பதும் விதி.

ஒப்பந்தத்தில் 7,000 என்று இருக்கிறது. கம்பெனி 5,500 தான் போட்டது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் (என்ஏபிஎஸ்) உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. முன்பு கம்பெனி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2023-இலிருந்து அரசின் பங்கு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 7,000-இல் 25 சதவீதம் 1,750, உச்சவரம்பு 1,500. ஆக 5,500 கம்பெனியிடமிருந்து, 1,500 அரசிடமிருந்து.

அந்த 1,500 வராமல் இழுத்தடிக்க இரண்டு காரணங்கள்தான் வழக்கமாக இருக்கும். ஒன்று, கம்பெனி அந்த மாதத்துக்கான விவரத்தைத் தளத்தில் ஏற்றியிருக்காது. இன்னொன்று உங்கள் பக்கம்: கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பீர்கள், ஆனால் அரசுப் பணம் நேராக வந்து சேரும் (டிபிடி) கணக்காக அது, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயில் இணைந்திருக்காது. இரண்டும் வேறு வேறு. வங்கிக்குப் போய் ‘ஆதார் சீடிங் செய்ய வேண்டும், டிபிடி பணம் வர வேண்டும்’ என்று சொல்லி, அதற்கான படிவத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ‘ஆதார் லிங்க் ஆகிவிட்டது’ என்று கவுண்டரில் சொன்னதை நம்பி மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பணத்தில் வெளியூரில் தங்கிச் சமாளிக்க முடியுமா?

ஒரகடத்திலோ ஓசூரிலோ தனியாக அறை எடுத்தால் கடினம். சேரும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: கேன்டீன் சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், கம்பெனி பஸ் எந்த ஊர் வரை வருகிறது, விடுதி உண்டா. சலுகை விலையில் கேன்டீனும் பஸ்ஸும் உள்ள 7,000 ரூபாய் இடம், இரண்டும் இல்லாத 9,000 ரூபாய் இடத்தைவிடக் கையில் கூடுதலாக மிச்சம் பிடிக்க வைக்கும். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய சிறிய பட்டறையில் சட்டப்படி ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் அதையும் குறைத்து எடைபோட வேண்டாம். பெரிய ஆலையில் ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட்டை முறுக்க வைப்பது உண்டு. பத்துப் பேர் உள்ள இடத்தில் பத்து வேலையும் உங்கள் தலையில் விழும். கற்றுக்கொள்ள அது நல்லதே.

என்ஏசி சான்றிதழுக்கு எங்கெல்லாம் மதிப்பு?

தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழைத்தான் என்ஏசி என்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய இடங்கள் மட்டும்:

ரயில்வேயில் லெவல் 1 எனப்படும் அடிமட்டப் பணியிடங்களுக்கான நேரடித் தேர்வில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களிலேயே அப்ரண்டிஸ் முடித்து என்ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ‘ரயில்வே நிறுவனங்களிலேயே’ என்ற சொல். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பொன்மலைப் பணிமனை போன்ற இடங்களில் முடித்தவருக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. தனியார் ஆலையில் முடித்தவருக்கு இல்லை. தேர்வு எழுதித்தான் வர வேண்டும், ஆனால் போட்டி அந்தக் கூட்டத்துக்குள் மட்டும்.

உதவி லோகோ பைலட் தேர்வுக்கு பத்தாம் வகுப்புடன் ஐடிஐ வேண்டும். அல்லது பத்தாம் வகுப்புடன் குறிப்பிட்ட தொழிற்பிரிவில் அப்ரண்டிஸ் முடித்திருந்தாலும் போதும். ஐடிஐ படிக்காதவருக்கு இது பெரிய வழி.

ஐடிஐ பயிற்றுநராக விரும்பினால், கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையம் போன்றவற்றில் பயிற்றுநர் படிப்புக்கு ஐடிஐ முடித்ததற்கான என்டிசி சான்றிதழ் அல்லது என்ஏசி அடிப்படைத் தகுதி.

மற்றபடி அப்ரண்டிஸ் காலத்தைப் பணி அனுபவமாக எடுத்துக்கொள்வார்களா என்பது ஒவ்வோர் அறிவிப்புக்கும் மாறும். பல பொதுத்துறை அறிவிப்புகளில் ‘பயிற்சிக் காலம் அனுபவமாகக் கருதப்படாது’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

முடித்ததும் அங்கேயே வேலை போட்டுத் தருவார்களா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. வேலை கொடுக்க நிறுவனத்துக்கும் கடமை கிடையாது, கொடுத்தால் ஏற்க உங்களுக்கும் கடமை கிடையாது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும். ‘உங்கள் கொள்கை என்ன, போன பேட்சில் எத்தனை பேரை எடுத்தீர்கள்?’ என்று நேர்காணலிலேயே கேட்கலாம். அதில் தப்பொன்றும் இல்லை.

உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலர் ‘வேலை நிச்சயம்’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மற்ற எல்லாம் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை, வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை தேவையில்லை, வயதில் தளர்வு தரலாம் என்பதுதான் அதன் சாரம். நேரடியாக உள்ளே நுழையும் உரிமையை அந்தத் தீர்ப்பு தரவில்லை. ‘அப்ரண்டிஸ் முடித்தால் பெர்மனென்ட்’ என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்ரண்டிஸ் சேரப் பணம் கட்டும் முறையே கிடையாது. ரயில்வே போன்ற அறிவிப்புகளில் உள்ள 100 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் வேறு.

ஐடிஐ போகாமல், பத்தாம் வகுப்போடு சேரலாமா?

சேரலாம். இவர்களை ‘பிரெஷர்’ என்பார்கள். ஐசிஎஃப் அறிவிப்புகளில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், கார்பென்டர் பிரிவுகளில் பிரெஷருக்கு 2 ஆண்டு, வெல்டருக்கு 1 ஆண்டு 3 மாதம், ஐடிஐ முடித்தவருக்கு 1 ஆண்டு என்று இருக்கும். எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் பட்டியல்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அலட்சியம் செய்தவர்கள் இங்கே வருந்துவார்கள்.

சட்டப்படி குறைந்தபட்ச வயது 14, அபாயகரமான தொழில்களுக்கு 18. மேல் வயதை அந்தந்த அறிவிப்பு தீர்மானிக்கும். ரயில்வேயில் பொதுவாக 24, பட்டியலினத்தவருக்கு 5 ஆண்டு, ஓபிசிக்கு 3 ஆண்டு தளர்வு.

டிப்ளமோ, இன்ஜினியரிங், கலை அறிவியல் பட்டம் முடித்தவர்களுக்கு?

அவர்களுக்கு நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) என்ற தனித் திட்டம். தளமும் வேறு. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை, அதாவது 2019 விதித் தொகையில் பட்டதாரிக்கு 4,500, டிப்ளமோவுக்கு 4,000 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இந்த வழியில்தான் ஆள் எடுக்கின்றன. படிப்பு முடித்து எத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு அறிவிப்பில் இருக்கும். ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் வந்துவிட்டால் பொதுவாகத் தகுதி போய்விடும். ‘முதலில் ஏதாவது வேலைக்குப் போவோம், பிறகு அப்ரண்டிஸ்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது.

எப்படிப் பதிவு செய்வது? எங்கே சிக்கல் வருகிறது?

முதலில் தளத்தில் கைபேசி எண், மின்னஞ்சலுடன் கணக்குத் தொடங்கி, ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். கல்வி விவரம், ஐடிஐ சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஏற்றிச் சுயவிவரத்தை முழுமையாக்க வேண்டும். பாதியில் நிற்கும் சுயவிவரத்தோடு ஒப்பந்தம் உருவாகாது. அதன்பின் நிறுவனங்களின் வாய்ப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்டந்தோறும் நடக்கும் சேர்க்கை முகாம்களுக்கு அசல் சான்றிதழ்களோடு நேரிலும் போகலாம்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். நம் ஊர் இனிஷியலை இந்தத் தளங்களால் ஜீரணிக்க முடிவதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முருகன் சு’, ஆதாரில் ‘சு. முருகன்’, வங்கியில் ‘முருகன் சுப்பையா’ என்று இருந்தால் கணினிக்கு மூவரும் வேறு ஆட்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஒத்துவரத் திருத்திவிடுங்கள். வாய்ப்பு வந்த பிறகு திருத்த ஓடினால் அது முடிவதற்குள் இடம் போய்விடும். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கணினி மையக்காரருடைய மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துச் சான்றிதழை இறக்க முடியாமல் அலைபவர்கள் ஏராளம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

தொழிற்பிரிவின் பெயர், தொடக்க நாள், முடிவு நாள், உதவித்தொகை. தொழிற்பிரிவைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அரசு வரையறுத்த ‘குறியிடப்பட்ட’ பிரிவு என்றால் அகில இந்தியத் தொழிற்தேர்வும் என்ஏசியும் உண்டு. நிறுவனமே வடிவமைக்கும் ‘விருப்பத் தொழிற்பிரிவு’ என்றால் மதிப்பீடும் சான்றிதழும் வேறு முறையில் வரும். ரயில்வே, அரசு வேலை கனவில் இருப்பவர் ஃபிட்டர் படித்துவிட்டு ‘அசெம்பிளி ஆபரேட்டர்’ என்று விருப்பப் பிரிவில் கையெழுத்துப் போட்டால் பின்னால் உதவாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்த விவரத்தை நிறுவனம் 7 நாளுக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும். பத்தாவது நாள் உள்ளே போய்ப் பாருங்கள்.

அடிபட்டால் யார் பொறுப்பு?

அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது சட்டம். அதனால்தான் பி.எஃப்., இஎஸ்ஐ இல்லை. ஆனால் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் பணியாளர் இழப்பீட்டு விதிகளின்படி நிறுவனமே இழப்பீடு தர வேண்டும். காயம் சிறிதானாலும் விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுத வையுங்கள். ‘சின்னக் காயம்தானே, கட்டுப் போட்டுக்கோ’ என்று விட்டுவிட்டால், பிறகு விரலின் மூட்டு மடங்காமல் போகும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது.

ஓவர்டைம் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கவும் கூடாது, நீங்களாகப் பார்க்க அனுமதிக்கவும் கூடாது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் ஈடுபடுத்துவதும் குற்றம். 2014 திருத்தப்படி அபராதம் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய்தான் என்பது சட்டத்தின் பல் எவ்வளவு மொக்கை என்று காட்டுகிறது. எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவரை ஆறு மாதம் பேக்கிங்கில் நிறுத்தியிருந்தால், தேதி போட்டு என்ன வேலை செய்தீர்கள் என்று தினம் ஒரு வரி குறித்துவையுங்கள். பேச்சு பலிக்காவிட்டால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தின் உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்தம் பற்றிய தகராறை ஆலோசகர் தீர்ப்பார். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாதியில் வேறு வேலை கிடைத்தால் விட்டுப் போகலாமா?

சொல்லாமல் நின்றுவிடுவதுதான் மோசமான வழி. தளத்தில் உங்கள் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை இன்னொரு நிறுவனத்தில் புது ஒப்பந்தம் போட முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். முறையாக எழுதிக் கொடுத்து, தளத்திலும் ஒப்பந்தத்தை முடித்துவைக்கச் சொல்லுங்கள். தவறு உங்கள் பக்கம் என்று முடிவானால் கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் மூன்று மாதத் தொகையைப் பயிற்சிச் செலவாகக் கேட்க விதியில் இடமுண்டு. தவறு நிறுவனத்தின் பக்கம் என்றால் அதே மூன்று மாதத் தொகையை அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு கொண்டுவாருங்கள்.

கடைசித் தேர்வு கஷ்டமாக இருக்குமா?

செய்முறையில் தோற்பவர்கள் குறைவு. கோட்டை விடுவது எழுத்துப் பகுதியில். ஒரு வருஷம் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, மரைப் பிட்ச் கணக்கும் ஓம் விதியும் மறந்துபோய் உட்காருவார்கள். ஐடிஐ தியரி நோட்டை வாரம் ஒரு மணி நேரம் புரட்டினால் போதும். தவறினாலும் அடுத்த முறை எழுதலாம்.

அதைவிட வேதனை, தேர்வே எழுதாமல் போவது. பயிற்சி முடிந்தது, நிறுவனத்தின் எச்ஆர் உங்கள் பெயரைத் தேர்வுக்கு அனுப்ப மறந்துவிட்டார், நீங்களும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். இரண்டு வருஷம் கழித்து ரயில்வே அறிவிப்பு வரும்போது என்ஏசி இல்லை. முடிவு நாளுக்கு இரண்டு மாதம் முன்பே எச்ஆரிடம் தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், தளத்தில் நுழைவுச்சீட்டு வருகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் வந்ததும் பெயர், பிறந்த தேதி, தொழிற்பிரிவு மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் நிறுவனத்தில் உங்களை அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.